வெறும் அமுக்கு

டிப்போவில் அவருக்குப் பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, பூட்டினோமா இல்லையா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிற மனிதர். அதோடு நின்றாலும் பரவாயில்லை. இழுத்த இழுப்பில் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று மறுபடியும் ஒரு நடை போவார். பேருந்தை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை ஒருமுறை இழுத்து, சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் இழுப்பார். "கவலைக்குச் சம்பளம் உண்டுன்னா இந்நேரம் நாம மாடி வீடு கட்டியிருப்போம்" என்பாள் வீட்டிலிருந்தபடி பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் அவர் மனைவி.

கவலைப்படுகிறவன் கவனமானவன் என்று உலகத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. சுத்தப் பொய். கவலையும் கவனமும் ஒரே வீட்டில் குடியிருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. மனசு ஒரு கவலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத்தான் கை வேறொன்றைக் கோட்டை விடும். பூட்டுக்கு நடந்தது அதுதான்.

அவர் ஓட்டுவது நடத்துநர் இல்லாத வண்டி. முன்வாசலில் ஏற வேண்டும், நடுவாசலில் இறங்க வேண்டும். நடுவாசலுக்கு மேலே ஓர் ஒலிபெருக்கி. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் ஒரு பச்சைப் பொத்தான். நிறுத்தத்தை நெருங்கும்போது ஓட்டுநர் பொத்தானை அமுக்கினால், "இது பள்ளிக்கூடம் நிறுத்தம்" என்று ஒரு பெண்குரல் சொல்லும். அடுத்து அமுக்கினால் அடுத்த பெயர். வண்டி எங்கே நிற்கிறது என்பது அந்த மெஷினுக்குத் தெரியாது. எத்தனை தடவை அமுக்கினார்கள் என்பது மட்டும்தான் தெரியும். அதனால் ஏற ஆளில்லாமல், இறங்கவும் ஆளில்லாமல், நிற்காமல் தாண்டிப் போகிற நிறுத்தத்துக்கும் மறக்காமல் ஒரு தடவை அமுக்கியாக வேண்டும். இதற்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் வெறும் அமுக்கு. பயிற்சி கொடுத்த அதிகாரி அதற்குக் கௌரவமாக ஏதோ ஒரு பெயர் சொன்னார். அது யாருக்கும் நினைவில்லை.

இந்தக் குரல் சும்மா வந்துவிடவில்லை. பார்வை இல்லாதவர்கள் மனு கொடுத்து, அலைந்து, மேலதிகாரி வாசலில் உட்கார்ந்து வாங்கியது. அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருத்தி பூட்டின் வண்டியில் தினமும் வருகிறவள். குடிநீர் வாரிய அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண். மடக்கும் வெள்ளைக் கோலை ரப்பர் வளையம் போட்டு மடியில் வைத்திருப்பாள். விளையாட்டுத் திடலில் ஏறி, தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்குவாள்.

பழைய வண்டிகளில் அவள் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, "அண்ணே, வந்துடுச்சா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு அது பெரிய பாரம். தன் பூட்டையே நம்பாதவரிடம் போய் இன்னொரு ஜீவன் தன் வழியைக் கொடுத்து வைத்தால் என்ன செய்வார்? ஒருநாள் சொல்ல மறந்து தாண்டிப் போய்விட்டார். அவள் கோபப்படவில்லை. "அண்ணே, உங்க வாயை நம்பி ஏறினா நல்லா ஊர் சுத்திப் பாக்கலாம்" என்றாள். வண்டியே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

குரல் வந்த பிறகு அவள் நடுவாசலுக்குப் பக்கத்து இருக்கைக்குப் போய்விட்டாள். யாரையும் எதையும் கேட்பதில்லை. குரல் பெயரைச் சொல்லும், அவள் கோலை விரிப்பாள், இறங்கிப் போவாள். நிமிர்ந்த நடை. பூட்டுக்குத் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கிய மாதிரி இருந்தது. அந்தக் குரலைக் காதில் வாங்குவதையே கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். ஓடுகிற மின்விசிறியின் சத்தத்தை யார் கேட்கிறார்கள்?

அன்று காலை அவர் மனசு முழுக்க இஸ்திரிப் பெட்டி இருந்தது. சட்டையைத் தேய்த்துவிட்டுச் சுவிட்சை அணைத்தோமா? மனைவி துணி கொடுக்கக் கடைக்குப் போயிருப்பாள். வீட்டில் யாரும் இல்லை. மேசை மேல் தைத்து அடுக்கிய சீருடைகள். பள்ளிக்கூடம் நிறுத்தத்தைத் தாண்டும்போதே அவர் கண்ணுக்குள் புகை வர ஆரம்பித்துவிட்டது. அடுத்த நிறுத்தம் மரக்கடை. அன்று மரக்கடைகளுக்கு விடுமுறை, நிறுத்தத்தில் ஈ காக்கைகூட இல்லை. இறங்கவும் யாரும் மணி அடிக்கவில்லை. வண்டி அதே வேகத்தில் தாண்டியது. சுவிட்ச் மேல்நோக்கி இருந்ததா கீழ்நோக்கி இருந்ததா என்று யோசித்துக்கொண்டே போனார்.

கடைசி நிலையத்தில் எல்லாரும் இறங்கும்போது ஒரு வயசாளி படியில் நின்று திரும்பினார். "ஏம்ப்பா, கடைசி ஸ்டாப்புன்னு எறங்கினா உன் வண்டி சந்தைங்குது. இன்னும் ஒரு ஸ்டாப் எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கியா?"

பூட்டு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சந்தை என்பது இதற்கு முந்தைய நிறுத்தம். அப்படியென்றால் குரல் ஒன்று பின்தங்கியிருக்கிறது. எங்கே விட்டோம்? விரல்களை மடக்கி மனசுக்குள் பின்னோக்கிப் போனார். சந்தை, அதற்கு முன் பாலம், தண்ணீர்த் தொட்டி, மரக்கடை. அங்கே வந்ததும் விரல் அப்படியே நின்றது. மரக்கடையில் அமுக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியில் வண்டி நின்றபோது குரல் மரக்கடை என்று சொல்லியிருக்கும். அவள் உட்கார்ந்தே இருந்திருப்பாள். பாலத்தில் நின்றபோது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லியிருக்கும். கோலை விரித்துக்கொண்டு இறங்கியிருப்பாள். நடுவாசலில் கூட்டம், யார் இறங்கினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. பாலத்து நிறுத்தத்தில் நடைபாதையே கிடையாது. கால்வாய்க்காக ஆளுயரம் தோண்டிப் போட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குழியைப் பற்றியும் அவர் ஒரு வாரமாகக் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். யாராவது விழுந்து தொலைக்கப் போகிறார்கள் என்று மனைவியிடம்கூடச் சொன்னார்.

டைம் கீப்பர் அறைக்கு ஓடினார். நேரம் குறித்து வண்டிகளை அனுப்பும் அந்த ஆள் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர்.

"சார், நான் இப்பவே வண்டியத் திருப்பணும். பாலத்துல ஒரு பொண்ணு தப்பா எறங்கிட்டா. கண்ணு தெரியாத பொண்ணு."

"யாராவது கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. உன் நேரம் வரட்டும், எடு."

"வெறும் அமுக்கு விட்டுட்டேன் சார். என்னாலதான்."

டைம் கீப்பர் பேனாவைக் கீழே வைத்தார். "அத மட்டும் வெளிய சொல்லிட்டுத் திரியாத. யாராவது கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லு. மெஷினுக்கு என்ன, பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?"

பூட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிலையத்துத் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவந்த லாரி வாசலில் நின்றது. அதன் பக்கவாட்டில் குடிநீர் வாரியத்தின் தொலைபேசி எண் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தண்ணீர் வராவிட்டால் கூப்பிடுங்கள் என்று போட்டிருந்தது. அவர் கைபேசியில் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது. மறுபடி போட்டார். மறுபடியும் அடித்து நின்றது. மூன்றாம் தடவை காதில் வைத்திருக்கும்போதுதான் உறைத்தது. அந்த ஃபோனை எடுக்க வேண்டியவளே அவள்தான்.

அதற்குப் பிறகு அவர் டயல் செய்யவில்லை.

நேரம் வந்ததும் வண்டியை எடுத்தார். திரும்பும் வழியில் பாலத்து நிறுத்தம் சாலையின் மறுபுறம். வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை இழுத்து, "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் குதித்தார். முணுமுணுப்பு எழுந்தது. "டிரைவருக்கு அவசரம் போல" என்று யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். அவர் நடுத்திட்டைத் தாண்டி ஓடினார். நாடா அறுந்து மண்ணில் கிடந்தது. குழிக்குள் எட்டிப் பார்த்தார். கலங்கல் தண்ணீர், செங்கல் துண்டுகள், ஒரு ரப்பர் வளையம். ரப்பர் வளையம் யாருடையதாகவும் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நம்பத்தான் முடியவில்லை.

எதிரே மருந்துக்கடை. கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேசினார்.

"ஆமா, விழுந்தாங்க. சத்தம் கேட்டு நான் வர்றதுக்குள்ள கூட்டம் கூடிடுச்சு. தூக்கி ஒரு வண்டியில ஏத்தி விட்டாங்க."

"எங்க போனாங்க? ஆஸ்பத்திரிக்கா, ஆபீசுக்கா?"

"அது தெரியலயே."

"பேசினாங்களா? நடந்தாங்களா? ரத்தம் எதுவும்..."

"கூட்டத்துல ஒண்ணும் தெரியலீங்க. நீங்க என்ன, வீட்டுக்காரரா?"

"இல்ல. டிரைவர்" என்றார். கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் அவரையே பார்த்தார். தெருவில் அவருடைய வண்டிக்குப் பின்னால் ஹாரன்கள் வரிசையாகக் கத்திக்கொண்டிருந்தன.

அன்று மதியம் வரை அவர் எப்படி ஓட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. நின்ற இடத்திலெல்லாம் அமுக்கினார். அமுக்கினோமா என்று சந்தேகம் வந்து இன்னொரு தடவை அமுக்கப் போன விரலைக் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டார். இரண்டு தடவை அமுக்கினால் குரல் ஒன்று முந்திப் போய்விடும். ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை இழுக்கலாம், இதை அப்படிச் செய்ய முடியாது. மறுபடி சரிபார்க்க வழியில்லாத ஒரு வேலையை இந்த மனிதரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அன்றுதான் அவர் முழுசாகப் புரிந்துகொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் மனைவி கூப்பிட்டாள். "இஸ்திரிப் பெட்டி நெனப்பு வந்திருக்குமே? நான்தான் பிளக்கையே பிடுங்கி வச்சிட்டுப் போனேன். நிம்மதியாச் சாப்பிடுங்க."

அவர் நடந்ததைச் சொன்னார். வழக்கமான கேலி வரவில்லை. அவள் கேலி பேசாத நேரம் அபூர்வம், அதுவே அவரை இன்னும் பயமுறுத்தியது.

"சாயங்காலம் அந்தப் பொண்ணு உங்க வண்டியிலதானே திரும்பும்?" என்றாள்.

"தினமும் அப்படித்தான்."

"அப்போ சாயங்காலம் தெரிஞ்சிடும்."

"வரலன்னா?"

"வந்தா என்ன சொல்றதுன்னு மொதல்ல யோசிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தை நெருங்கும்போது அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். குடையோடு இரண்டு பெண்கள், கோப்பு சுமந்த ஒருவர், ஒரு கைக்குழந்தைக்காரி. வெள்ளைக் கோல் இல்லை. எல்லாரும் ஏறியாயிற்று. அவர் கதவை மூடவில்லை. "கல்யாண மாப்பிள்ளை யாராவது வரணுமா, அண்ணே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கதவை மூடினார். வண்டியை நகர்த்தினார். நகர்த்திய பிறகும் கண் பக்கவாட்டுக் கண்ணாடியை விட்டு அகலவில்லை. அதனால்தான், அலுவலக வாசலிலிருந்து மேலே தூக்கிய ஒரு வெள்ளைக் கோல் அவர் கண்ணில் பட்டது.

வண்டி குலுங்கி நின்றது. நின்றுகொண்டிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து திட்டினார்கள். அவள் அலுவலகத் தோழி ஒருத்தியின் தோளைப் பிடித்தபடி விந்தி விந்தி வந்தாள். நெற்றியில் கட்டு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மருந்து பூசிய சிராய்ப்பு. தோழி ஏற்றிவிட்டுப் போனாள். அவள் நடு இருக்கைக்குப் போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே நின்றாள். வண்டி இன்னும் நகரவில்லை. பூட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், பிறகு இன்னொரு தடவை இழுத்தார்.

"பூட்டு அண்ணன்தானே?" என்றாள். "ரெண்டு தடவ இழுக்கிறது உங்க ஒருத்தர் வண்டிதான்."

"ஆமாம்மா." அவர் இருக்கையிலிருந்து முழுசாகத் திரும்பினார். "ரொம்ப அடியா?"

"நாலு தையல். மத்தியானம் வரைக்கும் ஆஸ்பத்திரியிலயே போயிடுச்சு. அத விடுங்க. உங்க மெஷின் கெட்டுப் போச்சுண்ணே, ஆபீசுல சொல்லுங்க. காலைல தண்ணித் தொட்டி வளைவுல வண்டி திரும்பினது எனக்குத் தெரிஞ்சுது. எறங்குடின்னு மனசு சொல்லுச்சு. மெஷின் மரக்கடைன்னுச்சு. சரி, நாமதான் தூங்கிட்டோம் போலன்னு உக்காந்துட்டேன். என்னையே நான் நம்பாம மெஷின நம்பினேன் பாருங்க."

டைம் கீப்பர் சொல்லிக் கொடுத்த பதிலை அவளே எடுத்து அவர் கையில் வைத்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தால் போதும். பூட்டுக்கு அந்த ஆசை வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. மடியில் கனத்தோடு இருக்கிறவனுக்கு வரும் ஆசைதான்.

"மெஷின் மேல தப்பு இல்லம்மா" என்றார். "நான்தான்."

பொத்தானைப் பற்றிச் சொன்னார், மரக்கடையைப் பற்றிச் சொன்னார். வெட்கத்தை விட்டு இஸ்திரிப் பெட்டியையும் சொன்னார். அவள் முகம் அவர் பக்கம் திரும்பியிருந்தது. ஏசுவாள் என்று எதிர்பார்த்தார்.

"பட்டனா?" என்றாள்.

"ஆமா."

"அதுவாத் தெரிஞ்சு சொல்லுதுன்னு இல்ல நெனச்சேன்? நீங்க அமுக்கித்தான் சொல்லுதா?"

"ஒவ்வொண்ணும் நான் அமுக்குறதுதாம்மா."

அவள் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "மனுசங்க மோசம்னு நெனச்சு நாங்க இதுக்கு அலையலண்ணே. டெய்லி ஒருத்தர் ஞாபகத்துல என் உசுரு தொங்கிட்டு இருக்கறது போதும்னுதான் அலைஞ்சோம். இப்பவும் அங்கயேதான் தொங்கிட்டு இருந்திருக்கு. முன்னயாவது எனக்குத் தெரியும், கேட்டுக்கிட்டே வருவேன். இப்போ எனக்குத் தெரியாமலே தொங்கியிருக்கு."

பூட்டு பொத்தானைப் பார்த்தார். "தானாச் சொல்ற மெஷின் அடுத்த வருஷம் வருதாம்" என்றார்.

"போன வருஷமும் அடுத்த வருஷம்னுதான் சொன்னாங்க." அவள் மூச்சை இழுத்து விட்டாள். "நான் எழுதிக் குடுப்பேண்ணே. விழுந்தது, பட்டன், எல்லாத்தையும்."

"குடும்மா. என் வண்டின்னே எழுது."

"உங்க பேரு எனக்குத் தெரியாதே."

"பூட்டுன்னு போடு. எல்லாருக்கும் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் பொறுமை தீர்ந்த யாரோ கதவுக் கம்பியைத் தட்டினார்கள். அவள் தடவிப் பார்த்து, பழைய நாட்களைப் போல அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அமுக்குறப்போ சத்தம் வருமா?"

"டக்குனு வரும்."

"எனக்குக் கேக்கற மாதிரி அமுக்குங்க."

அடுத்தது மரக்கடைதான். கடைகள் மூடித்தான் கிடந்தன, ஆளில்லை, மணியும் அடிக்கவில்லை. காலையில் இருந்தது போலவே இருந்தது. விரலைப் பொத்தான் மேல் வைத்து, பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிந்ததும் ஆணி அறைவது போல அமுக்கினார். டக். "இது மரக்கடை நிறுத்தம்" என்றது குரல். வண்டி நிற்காமல் தாண்டியது.

"நிக்கலையே?" என்றாள் உடனே.

"ஆள் இல்லம்மா. வெறும் அமுக்கு."

பள்ளிக்கூடத்தில் அமுக்கினார். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து அந்த டக்கைத்தான் கேட்டாள், குரலைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. விளையாட்டுத் திடல் வந்தது. அமுக்கினார். குரல் தெளிவாக, தப்பில்லாமல், விளையாட்டுத் திடல் என்று சொன்னது. அவள் கோலை விரித்தாள். எழுந்தாள். எழுந்தவள் நின்றுவிட்டாள்.

"அண்ணே," என்றாள், "வந்துடுச்சா?"

எத்தனையோ நாள் அலைந்து, இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கத்தான் அவள் அந்தக் குரலை வாங்கினாள். பூட்டுக்குக் கண் கலங்கியது. அதை அவள் பார்க்கப் போவதில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு தடவை இழுத்தார்.

"வந்துடுச்சும்மா. திடல்தான். படிக்குக் கீழ குழி ஒண்ணும் இல்ல."

அவள் தலையாட்டினாள். ஆனாலும் கோலைக் கீழே இறக்கி, படியையும் தரையையும் தானே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலை வைத்தாள்.